நட்சத்திரத்திற்குப் பட்டா யார் பேரில்?

(தஞ்சை ஜில்லா கிராமக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



நட்சத்திரம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? பிள்ளை பிறந்தால் நட்சத்திரம், பெண் கொடுத்தால் நட்சத்திரம், நாற்று விடவும் நட்சத்திரம். ஆனால் திருவாதிரைக்குக் களி கிண்டுகிற நம்மில் எத்தனை பேர் அந்தத் திருவாதிரையை வானத்தில் காட்டுவோம்? 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரையில் அந்தச் சிவப்பு நட்சத்திரம் தன் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் இழந்து மங்கிற்று. அது கக்கிய பொருளே தூசியாகி ஒளியை மறைத்தது என்று ஆராய்ச்சியாளர் கண்டார்கள். அதன் பேரால் வருஷமெல்லாம் பலன் சொல்லுகிற எந்தப் பஞ்சாங்கக்காரராவது இதை முன்னால் சொன்னாரா?

இப்படி ஒளி கூடிக் குறைகிற நட்சத்திரங்கள் ஏராளம். அவற்றைக் கண்டுபிடித்த பெருமை யாருக்குச் சேருகிறது என்பதே இன்றையப் பேச்சு.

ஒருவன் ஒரு நிலத்தைப் பார்த்து, “இது என்னுடையது” என்றால் ஊர் ஒப்புமா? பட்டா எவன் பேரில் என்று கணக்கைப் பார்க்கும். வானத்திற்கும் அப்படியொரு கணக்கு உண்டு. 1911-ல் ஆல்காட் என்ற வக்கீல் துவக்கிய அமெரிக்கச் சங்கம் ஒன்று, ஒளி மாறும் நட்சத்திரங்களுக்கு உலகப் பொதுவான அட்டவணை வைத்திருக்கிறது. கண்டேன் என்பவர் முதலில் அதில் தேட வேண்டும். இல்லையென்றால், ஒளி மாறாத பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பல இரவுகள் அளக்க வேண்டும். தேதி, மணி, நிமிஷம், நட்சத்திரம் நிற்கும் இடம், ஒளி ஏறி இறங்கும் வரைபடம் எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும். அதைப் பரிசோதித்துச் சரி என்று கண்ட பிறகே அட்டவணையில் ஏறும். கண்டவர் பேரும் கூடவே ஏறும். என்ன ஜாதி, என்ன பட்டம் என்ற கேள்வி அங்கே இல்லை. எப்போது பார்த்தாய், எப்படி அளந்தாய் என்பவைதான் கேள்வி.

நம் நாட்டில் இது நடந்ததா? நடந்தது. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் தெற்கே தாழ்வாகத் தெரியும் ரெட்டிகுலம் என்னும் மண்டலத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். மேலதிகாரி போக்சன் என்ற வெள்ளைக்காரர். ஆயினும் கண்டவர் என்ற பெருமை உதவியாளருக்கே சேர்ந்தது. 1872-ல் அவர் லண்டன் ராயல் வானியல் சங்கத்தில் அங்கத்தினரானார்.

அவராவது உத்தியோகமாகப் பார்த்தவர். வங்காளத்து ஜெஸ்ஸூரில் ராதா கோவிந்த சந்திரர் என்றொருவர், கஜானாவில் பணம் எண்ணும் குமாஸ்தா. பரீட்சையில் தேறாதவர். 1918-ல் கழுகு மண்டலத்தில் திடீரென்று ஒளிவிட்ட நட்சத்திரத்தைக் கண்டு குறித்து, ஹார்வர்டுக்கு எழுதினார். அதன் பிறகு அமெரிக்கச் சங்கம் அவரை அங்கத்தினராக்கி, 1926-ல் ஆறு அங்குலத் தூரதர்சினியையும் கடல் கடந்து அனுப்பி வைத்தது. 1954 வரையில் அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000-க்கு மேல்! அந்தத் தூரதர்சினி பிற்காலத்தில் நம் ஜவ்வாது மலைக் காவலூருக்கே வந்து சேர்ந்தது.

பரீட்சையில் தோற்ற குமாஸ்தாவின் வார்த்தையை உலகம் ஏன் நம்பிற்று? “நான் சொல்லுகிறேன், நம்பு” என்று அவர் சொல்லவில்லை. “இந்தத் தேதியில், இந்த மணிக்கு இப்படிக் கண்டேன், நீயும் பார்” என்றார். பிறர் பார்த்துச் சரி காண முடிகிற வார்த்தைக்கே அங்கே மதிப்பு. ஜாதகம் பார்க்கிறவர் தவறினால் அந்தத் தவறு எந்தக் கணக்கில் ஏறுகிறது? நேரம் சரியில்லை என்று நம் தலையில்தான் ஏறுகிறது!

ஆகையால் தோழர்களே, தை மாதம் களத்தில் நெல்லுக்குக் காவல் இருக்கும்போது, தூரதர்சினி இல்லாவிட்டாலும் வெறுங்கண்ணால் திருவாதிரையைப் பாருங்கள், ரோகிணியோடு ஒப்பிடுங்கள். எது பிரகாசம், எவ்வளவு அதிகம் என்று தேதியும் மணியும் போட்டு நோட்டில் எழுதுங்கள். மறு வாரமும் எழுதுங்கள். நட்சத்திரம் நம்மை என்ன செய்யும் என்று பயந்தது போதும். அது என்ன செய்கிறது என்று நாம் கணக்கெழுதுவோம் என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.