கொழுந்தும் கோப்பையும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் எனக்கு 'பயண அனுபவம்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் பெரிதாக எதையும் எதிர்பார்த்துவிடக் கூடாது. கடந்த மாசியில் எங்கள் வகுப்புத் தோழிகள் ஏழு பேர் ஹற்றனில் வேன் பிடித்து நுவரெலியாவுக்குப் போனோம். தேநீர் சுவைத்தோம். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டோம். தேயிலைக்குள்ளேயே பிறந்தவள் காசு கட்டித் தேத்தண்ணி குடிக்கப் போனாளாம் என்று என் தம்பி இன்றும் சொல்லிச் சிரிக்கிறான்.

யோசனை எங்கள் பலெர்மோக்காரியுடையது. யாழ்ப்பாணத்தவரைக் கட்டி இத்தாலிக்குப் போனவள். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் நம்மவர்கள் நிறையப் பேர் இருப்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்கு ஐம்பது வயது நிறைந்தபோது மகன் புளோரன்சுக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து கியாந்தி மலைப்பக்கம் ஒருநாள் வைன் சுவைக்கும் சுற்றுலாவில் ஏற்றிவிட்டானாம். எட்டுப் பேர், ஒரு சிறிய வேன், இரண்டு திராட்சைத் தோட்டங்கள், நடுவில் பகல் சாப்பாடு. போத்தலின் கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்குமாம். அந்தச் சேவல் முத்திரைச் சங்கம் 1924இல் தொடங்கியது. 1925இல் பிறந்த நம் சங்கத்துக்கு ஒரு வயது மூத்தது.

"நான் ஒரு மிடறுதான்டி குடிச்சேன், மிச்சத்தப் பக்கத்துல இருந்த ஜெர்மன்காரர் பாத்துக்கிட்டார்" என்றாள். அவள் மனதில் நின்றது வைனை ஊற்றிக் கொடுத்த கிழவர். இந்தச் சரிவில் உள்ள கொடிகளை நட்டது என் அப்பா, அப்போது நிலம் எங்களுடையதல்ல, விளைச்சலில் பாதி நிலக்காரருக்குப் போய்விடும் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னாராம். அந்த ஒரு பேச்சுக்காகவே நம் ஊரிலும் அப்படி ஒரு பயணம் போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அந்தக் கிழவர் சொன்ன பாதி வாரத்துக்கு அங்கே மெத்ஸாத்ரியா என்று பெயர். இனி யாரும் புதிதாக அப்படி ஒப்பந்தம் எழுதக் கூடாது என்று இத்தாலியில் சட்டம் வந்தது 1964 செப்டெம்பரில். வாசித்தபோது எனக்கு ஆண்டு உறுத்தியது. அடுத்த மாதம், ஒக்டோபர் 30ஆம் திகதி, புதுடில்லியில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நம்மவர்கள் 975,000 பேர். அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். அந்த இந்தியப் பங்கில் போன ஒருத்தி எங்கள் வேனில் இருந்தாள். ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, 1983 கடைசியில், வகுப்பின் நடுவில் எழுந்து போனவள். நீலகிரியில் கூடலூரில் குடியேறி, அங்கேயும் தேயிலைதான். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழக அரசு 1968இல் தொடங்கிய தோட்டங்களில் அவள் குடும்பமே உழைத்தது. நாற்பது வருடத்துக்குப் பிறகு அவளைக் கண்டோம். வேன் தலவாக்கலையைத் தாண்டும்வரை யாரும் யாரையும் பேச விடவில்லை.

வழியில் டெவன் நீர்வீழ்ச்சியில் இறங்கிப் படம் எடுத்தோம். சென். கிளேயர் மெலிந்து கிடந்தது. மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு அது அப்படித்தான். தலவாக்கலை சென். கூம்ஸில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையமும் நம் சங்கத்தைப் போலவே 1925இல் பிறந்ததென்று கணித ஆசிரியையான தோழி சொன்னாள். அவள் எங்கே போனாலும் ஆண்டுக்கணக்குத்தான்.

நாங்கள் போன தொழிற்சாலை நுவரெலியாவுக்கு அண்மையில் இருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன். காரணம் பிறகு விளங்கும். கொழுந்தை வாட்டும் நீளத் தொட்டிகளுக்கருகே நின்றபோது அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அது என் அம்மாவின் சேலை வாசனை. அம்மா 37 வருடம் கொழுந்து எடுத்தவள். எங்கள் தோட்டத்து ஸ்டோருக்குள் அவள் போனது இரண்டு தடவையோ மூன்று தடவையோ. கொழுந்து மடுவத்தில் நிறுத்து, தண்ணிக்கென்று கழிப்பதைக் கழித்து, பேர் போட்டால் அவள் பங்கு முடிந்தது. அதன் பிறகு அந்தக் கொழுந்துக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் லயத்துக்கு வந்தது தூள். அதைக் கொதிக்க வைத்து, சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு, சாயத்தண்ணியாகக் குடித்து வளர்ந்தோம்.

சுவைக்கும் அறைக்கு வருகிறேன். நீண்ட மேசை. வெள்ளைப் பீங்கானில் மூடிபோட்ட சிறு கேத்தல்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கிண்ணம். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம். இதற்கென்று சர்வதேச நியமமே இருக்கிறது. பாலில்லை, சீனியில்லை. ஆறு நிமிடம் கழிந்ததும் வடித்து, சக்கையை மூடியின் மேல் கவிழ்த்து வைக்கிறார்கள். சாயத்தைப் பார்க்கவேண்டும், சக்கையைப் பார்த்து மணக்கவேண்டும், பிறகு கரண்டியால் எடுத்து 'சர்ர்' என்று சத்தம் வர உறிஞ்சவேண்டும். காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் மணம் மூக்குக்கு ஏறும். விடுதிச் சாப்பாட்டறையில் தேத்தண்ணியைச் சத்தம்போட்டுக் குடித்ததற்காக முழந்தாளில் நின்ற மூன்று பேர் அந்த மேசையைச் சுற்றி இருந்தோம். அன்று வட்டியும் முதலுமாக உறிஞ்சினோம். பக்கத்தில் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருந்தார்கள். கூடலூர்காரிக்குத் துப்ப மனம் வரவில்லை, எல்லாவற்றையும் விழுங்கிவிட்டாள்.

நான்கு கிண்ணம். முதலாவது நுவரெலியா, ஆறாயிரம் அடிக்கு மேல் விளைந்தது. வைக்கோல் நிறம், பூ மணம். இரண்டாவது திம்புள்ளை, நம் ஹற்றன், தலவாக்கலைப் பக்கத்துக் கொழுந்து. செம்மஞ்சளாக, நாக்கில் சுறுக்கென்று பிடிக்கும். தை முதல் பங்குனி வரை வறண்ட காற்றும் இராக்குளிரும் சேர்கிறபோது எடுப்பதுதான் அதில் உயர்ந்தது. மூன்றாவது ஊவா. அதற்குப் பருவம் ஆடி, ஆவணி. நான்காவது ருகுணை, தாழ்நிலத்துத் தேயிலை, கறுத்துக் கடுத்து இருந்தது. உண்மையைச் சொன்னால் ஏழு பேரில் ஐந்து பேருக்குப் பிடித்தது அந்த நான்காவதுதான். நம் நாட்டுத் தேயிலையில் பாதிக்கு மேல் இன்று தாழ்நிலத்திலிருந்துதான் வருகிறது என்றும் அங்கேதான் தெரிந்துகொண்டோம். மலைநாட்டுப் பெருமை பேச வந்தவர்களுக்கு நல்ல பாடம்.

எங்களுக்கு விளக்கம் சொன்னது ஒரு சின்னப் பெண். அழகான ஆங்கிலம். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதைச் சொன்னாள். கோப்பியை நோய் அழித்ததைச் சொன்னாள். 1883இல் கொழும்பில் ஏலம் தொடங்கியதைச் சொன்னாள். இந்தச் சுவைக்குக் காரணம் உயரம், பனி, காற்று, மண் என்று முடித்தாள். பலெர்மோக்காரி என்னைப் பார்த்தாள். நான் தமிழில் கேட்டேன்: "தங்கச்சி, இது எந்த மலைக் கொழுந்து? யார் எடுத்தது?"

அந்தப் பிள்ளை கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மேமலைக் கொழுந்துக்கா. எங்கம்மாவும் அந்த மலையிலதான் எடுக்குது. எனக்கு எழுதிக் குடுத்ததுல அது இல்லக்கா."

எங்கே படித்தாய் என்று கேட்டோம். நம் கல்லூரிதான். 2017இல் உயர்தரம் எழுதியவள். இப்போது தெரிகிறதா நான் ஏன் இடத்தைச் சொல்லவில்லை என்று? பிள்ளையின் வேலை முக்கியம். அவள் எங்களிடம் திருப்பிக் கேட்டது இன்னொன்று. "அக்கா, சுவை பாக்கிற வேலைக்கு எங்கள மாதிரி ஆக்கள் போக முடியுமா?" கொழும்புத் தரகு நிறுவனங்களில் பயிலுநராகச் சேர்ந்து, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கிண்ணங்களைச் சுவைத்து, ஆண்டுக்கணக்கில் நாவைப் பழக்கி வருகிற தொழில் அது. ஒரு தேயிலைக்கு என்ன விலை கேட்கலாம் என்று முதலில் சொல்வது அந்த நாக்குத்தான். ஏழு பேரில் ஒருவருக்கும் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் வேனில் சண்டை. ரொறன்ரோவிலிருந்து வந்தவள் கோபமாகச் சொன்னாள்: "தேயிலையை விட்டு வெளியேறத்தான் நம்ம அம்மாமார் நம்மளப் படிக்க வச்சாங்க. இப்ப படிச்ச புள்ளைகள மறுபடி தேயிலைக்கே அனுப்பப் போறீங்களா? டாக்டராக்குங்க, இன்ஜினியராக்குங்க." அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கணிதத் தோழி அவள் பாணியில் பதில் சொன்னாள். தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும் ஒரு பேருக்கு 18 கிலோ என்று வைப்போம். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை, ஆக 4 கிலோ. கோப்பைக்கு 2 கிராம் என்றால் 2,000 கோப்பை. ஒரு பெண்ணின் ஒருநாள் உழைப்பு 2,000 கோப்பை. அவளுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்று 2021இல் வர்த்தமானியில் வருவதற்கே எத்தனை வருடப் போராட்டம்? "அந்த மேசையில நம்ம ஆள் ஒருத்தி இருந்தா என்ன கெட்டுப்போகும்?" என்றாள். ஹற்றன் வந்தும் சண்டை முடியவில்லை.

நான் இரண்டு பக்கமும் பேசவில்லை. எனக்கு 1982ஆம் ஆண்டுப் பரிசளிப்பு விழா ஞாபகம் வந்துவிட்டது. அன்று எனக்குத் தமிழ்ப் பரிசு. அம்மா அரை நாள் பேரை விட்டுவிட்டு வந்திருந்தாள். கொழுந்துக் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது, உங்களில் பலருக்குத் தெரியும். விரல்கள் கறுத்து வெடித்திருந்தன. "கைய முந்தானைக்குள்ள வச்சுக்கம்மா" என்று நான்தான் சொன்னேன். என் பெயரை வாசித்தார்கள். மண்டபமே கைதட்டியது. அம்மா தட்டவில்லை. கையை வெளியே எடுக்கக் கூடாதென்று மகள் சொல்லியிருந்தாளே.

நுவரெலியாத் தேயிலையில் ஒரு 100 கிராம் பொதி வாங்கி வந்திருந்தேன். நீள இலைத் தேயிலை. விலையை அம்மாவிடம் சொல்லவில்லை. இப்போது அவளுக்கு 79 வயது. கணக்காக அளந்து, ஆறு நிமிடம் வைத்து, வடித்துக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தாள்.

"சாயமே எறங்கலையே. தூளு பழசா?"

நான் என்ன சொல்வது? சீனி கேட்டாள், இரண்டு கரண்டி போட்டேன். குடித்து முடித்தாள். பிறகு வடியில் கிடந்த சக்கையைப் பார்த்தவள் அதை உள்ளங்கையில் கொட்டி விரலால் ஒவ்வொன்றாக விரித்தாள். "இது ரெண்டாம் எல. இந்தா, இது மொட்டு. முத்தல் ஒண்ணுகூட இல்ல. நல்லா எடுத்திருக்காளுக. பனி விழுந்து, பகல்ல காத்தடிக்கிற நேரத்துக் கொழுந்து இது. அப்பத்தான் எல இப்படிச் சிறுசா, கெட்டியா வரும்." பொதியின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். தை மாதம் பொதி செய்ததென்று அச்சிட்டிருந்தது.

அந்த வழிகாட்டிப் பிள்ளையைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த தடவ போறப்ப என்னையும் ஏத்திக்க. அதுக்கு எழுதிக் குடுக்காதத நான் சொல்லிக் குடுக்கிறேன்" என்றாள்.

அதனால் செயற்குழுவிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு மாசியிலும் ஒரு வேன். உயர்தர மாணவியர் ஆறு பேர், கொழுந்து எடுத்த தாய்மார் இரண்டு பேர், மிச்ச இடத்தில் காசு கட்டி வருகிற நாங்கள். சுவைக்கும் தொழில் பழக விரும்பும் ஒரு மாணவிக்குக் கொழும்பில் தங்கும் செலவுக்கு ஓர் உதவித்தொகை. ரொறன்ரோக்காரி போன வாரமே பணம் அனுப்பிவிட்டாள். கூடவே ஒரு வரி: "இதில் பாதியை டாக்டராகப் போகிறவளுக்கு வை." வைத்திருக்கிறோம்.

அடுத்த மாசி வேனில் பன்னிரண்டு இருக்கை. அம்மா இப்போதே சன்னல் பக்கம் கேட்டுவிட்டாள். உங்கள் வீட்டிலும் கொழுந்து எடுத்த கை இருந்தால், மற்றத் தாய்மார் இருக்கைக்குப் பெயரை வாசலில் இருக்கும் தங்கையிடம் கொடுங்கள்.