வாய் திறந்தால்தான் மொழி



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய தலைப்பாக எடுத்துப் பேசுவது வழக்கம். நான் எடுத்திருப்பது சின்னத் தலைப்பு: நம் பிள்ளைகள் வகுப்பறையில் ஆங்கிலம் எப்படிக் கற்கிறார்கள், எதனால் கற்காமல் போகிறார்கள்? யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அவர் தன் மாலைப்பொழுதுகளை எல்லாம் இந்த ஒரு கேள்விக்குத்தான் கொடுத்தார்.

எங்கள் சேரியில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லாருக்கும் அவர் 'வாத்தியார்'. ஆனால் அவர் பள்ளி ஆசிரியர் அல்லர். தாலுகா அலுவலகத்தில் கடைநிலை ஊழியராக இருந்தவர். கோப்புகளைத் தூக்கித் தூக்கியே அவற்றுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக் கற்றுக்கொண்டவர். 1991இல், அண்ணலின் நூற்றாண்டில், எங்கள் தெருவில் சிலை வைத்தார்கள். அந்தச் சிலைக்குப் பக்கத்தில்தான் அவர் இரவு வகுப்பைத் தொடங்கினார். நான் அப்போது ஆறாம் வகுப்பு.

அந்த வகுப்பைப் பற்றிச் சொல்வதற்கு முன், பகலில் நடந்த வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்த்தெருவைத் தாண்டிப் போய்ப் படித்த பள்ளி அது. ஆங்கிலப் பாடம் என்றால் கரும்பலகையில் இருப்பதை நோட்டில் எழுதுவது, அவ்வளவுதான். ஒருநாள் ஆசிரியர், "இன்னிக்கு எல்லாரும் பேசப்போறீங்க" என்றார். ஒவ்வொருவரும் எழுந்து தன் பெயர், தன் ஊர், அப்பா செய்யும் தொழில் மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எனக்கு ஆசையாக இருந்தது. வரிசை வரும்வரை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் முறை வந்தது. "மை ஃபாதர் இஸ் எ கூலி" என்றேன். வாக்கியத்தில் பிழை இல்லை. ஆசிரியர் தமிழில் கேட்டார்: "கூலின்னா? சாவுக்கு மேளம் அடிக்கிறதும் அதுல சேர்த்தியா?" வகுப்பே சிரித்தது. உட்கார்ந்தேன். பள்ளிப் படிப்பு முடியும்வரை அந்தப் பள்ளியில் நான் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை.

இன்று ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றிப் பேசுகிற எல்லாரும், "பிள்ளைகளை ஈடுபடுத்துங்கள், செயல்பாடு கொடுங்கள், பேச வையுங்கள்" என்கிறார்கள். சரிதான். ஆனால் அன்று எனக்கு நடந்ததும் ஒரு செயல்பாடுதான். தன்னை அறிமுகம் செய்துகொள்வது என்பது பாடப்புத்தகத்தின் முதல் பயிற்சி. சாதிச் சமூகத்தில் அப்பன் தொழிலும் குடியிருக்கும் தெருவும் சாதியைக் கேட்காமலே கேட்டுவிடும் கேள்விகள்.

இனி இரவு வகுப்பு. வாத்தியார் ஒரு தாளில் நாலு வரி ஆங்கிலம் எழுதித் தெருக்கோடிச் சுவரில் ஒட்டிவிடுவார். நாங்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிவோம். ஒருத்தி ஓடிப்போய்ப் படித்து, மனசில் வைத்துக்கொண்டு ஓடிவந்து சொல்ல வேண்டும். இன்னொருத்தி அதைக் கேட்டு எழுத வேண்டும். அடுத்த தாளுக்கு ஆள் மாறும். தவறாகச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை, "மறுபடி ஓடு" என்பார், அவ்வளவுதான். மூச்சு வாங்க வாங்க நாங்கள் வாசித்தோம், பேசினோம், கேட்டோம், எழுதினோம். அதற்கு ரன்னிங் டிக்டேஷன் என்று ஒரு பெயர் உண்டு என்பது பல வருடம் கழித்து ஒரு பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு அது 'ஓடி எழுதுற ஆட்டம்'.

அந்தத் தாள்களில் என்ன எழுதியிருப்பார் என்பதுதான் முக்கியம். மாத்திரை அட்டையில் இருப்பது, பேருந்து நேரம், மணியார்டர் படிவம். ஒருநாள் பஞ்சமி நிலத்தைப் பற்றி எழுதி ஒட்டினார். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலைபற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசு ஆணை வந்தது. நிலம் ஒப்படைக்கப்பட்டது, பிற சாதியாருக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த அறிக்கையும் ஆணையும் ஆங்கிலத்தில் இருந்தன. நிலம் நம் கையைவிட்டுப் போனதற்கு ஆதிக்கமும் கடனும் மோசடியும் காரணம். அதை எதிர்த்துக் கேட்க முடியாமல் போனதற்கு, காகிதத்தில் இருந்ததை நம்மால் படிக்க முடியாததும் ஒரு காரணம். "திஸ் லேண்ட் கேன்னாட் பி சோல்ட்" என்று வாத்தியார் எளிமையாக எழுதியதைச் சுவருக்கும் சிலைக்கும் இடையே ஓடி ஓடிச் சொன்ன பிள்ளைகளுக்குச் செயப்பாட்டு வினையை யாரும் தனியாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இது எப்படிப் பலித்தது என்று பின்னாளில் யோசித்தேன். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் என்.எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் ஒரு பரிசோதனை செய்தார். இலக்கணத்தை வரிசையாகக் கற்பிப்பதை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குத் தீர்க்க வேண்டிய வேலைகளைக் கொடுத்தார். ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போனால் நேரத்துக்குச் சேரலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது போன்ற வேலைகள். கவனம் அர்த்தத்தின் மேல் இருக்கும்போது மொழியின் வடிவம் தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் கருத்து. அதைப் பற்றி 1987இல் அவர் எழுதிய புத்தகத்தை உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் படிக்கிறார்கள். ஒருவரிடம் இருக்கும் தகவல் இன்னொருவரிடம் இல்லை, பேசினால்தான் வேலை முடியும் என்ற 'தகவல் இடைவெளி' அவர் வகுத்த செயல்பாட்டு வகைகளில் ஒன்று. எங்கள் சுவரும் அதைத்தான் செய்தது. அச்சமும் அவமானமும் இருந்தால் காதில் விழும் மொழி உள்ளே போகாது என்று ஸ்டீபன் கிராஷன் சொன்னார். எங்கள் வகுப்பில் அந்த அச்சம் இல்லை.

சமூகவியல் படித்தவள் என்பதால் இதோடு நிறுத்த முடியவில்லை. செயல்பாடு நல்லது, ஆனால் அது சாதிக்கு வெளியே நடப்பதில்லை. குழுவாகப் பிரியுங்கள் என்றால் பிள்ளைகள் தெருத்தெருவாகப் பிரிகிறார்கள். குழுத் தலைவர் யார், தாளைப் பிடிப்பவர் யார், வேடிக்கை பார்ப்பவர் யார் என்பதை யாரும் சொல்லாமலே தீர்மானித்துவிடுகிறார்கள். எங்கள் படிப்பகத்துக்கு வரும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அக்கா, ஸ்கூல்ல டாக்டர் பேஷண்ட் நாடகம் போட்டா நான் ஏங்க்கா எப்பவும் பேஷண்ட்டு? இல்லன்னா ஆயா?" நோயாளிக்கு எழுதப்பட்டிருந்தது இரண்டு வரி. டாக்டருக்குப் பன்னிரண்டு வரி. பேசக் கிடைக்கும் வரிகளே மொழி கற்கும் வாய்ப்பு. பாத்திரத்தைப் பிரித்துக் கொடுக்கும்போதே மொழியையும் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007இல் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளைகளும் ஆசிரியரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. கடைசி பெஞ்சே இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். பிறகு 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருமளவில் திறந்தார்கள். நம் பெற்றோர் ஆசையோடு சேர்த்தார்கள். வழி மாறினால் போதுமா? பார்த்து எழுதுவதும் மனப்பாடம் செய்வதும் தொடர்ந்தால், முன்பு ஆங்கிலம் மட்டும் புரியாத பிள்ளைக்கு இப்போது அறிவியலும் புரியாமல் போகும்.

ஆங்கிலம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சாவித்ரிபாய் ஃபுலே 1854இல் வெளியிட்ட தன் கவிதை நூலிலேயே ஆங்கிலம் கற்கச் சொன்னார். அயோத்திதாசர் 1907இல் தமிழில் இதழ் தொடங்கினார். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் தமிழில் இதழ் நடத்தினார், 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டிலும் அண்ணலோடு உட்கார்ந்தார். நம் முன்னோர் இரண்டு மொழிகளையும் எதிரெதிராக நிறுத்தவில்லை. உத்தரப்பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் 2010இல் ஆங்கிலத்துக்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்கு ஆங்கிலம் தெய்வமாக வேண்டாம், கடப்பாரையாக இருந்தால் போதும். அதைப் பிடிக்கும் கை நம் தாய்மொழி. எங்கள் படிப்பகத்தில் சேரித் தமிழில் கேட்கலாம், யோசிக்கலாம், சண்டை போடலாம். பிறகு அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கலாம்.

இந்த அரங்கில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் நான்கு கோரிக்கைகள். முதல் நாள் அறிமுகத்தில் அப்பன் தொழிலையும் தெருவையும் கேட்காதீர்கள். பிடித்த சாப்பாடு, பயப்படும் பிராணி, போக ஆசைப்படும் ஊர் என்று கேளுங்கள். ஆங்கிலம் அதிலும் வரும். குழுக்களைச் சீட்டுப் போட்டுப் பிரியுங்கள், பாத்திரங்களைத் தினமும் மாற்றுங்கள். பிழையைத் திருத்துங்கள், சிரிப்பை அனுமதிக்காதீர்கள். வீட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் காகிதங்களையே பாடமாக்குங்கள்.

அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு எங்கள் படிப்பகத்தில் டாக்டர் பாத்திரம் கொடுத்தோம். வசனத்தை அவளே எழுதினாள். போன மாதம் அவள் ஆயாவை மருத்துவமனையிலிருந்து அனுப்பியபோது கொடுத்த சீட்டை வாசித்து, எந்த மாத்திரை காலையில், எது சாப்பாட்டுக்கு முன்னால் என்று தீப்பெட்டிகளில் பிரித்துப் போட்டு வைத்தாள். ஒரு வார்த்தை மட்டும் அவளுக்குப் புரியவில்லை. மறுநாள் மருத்துவமனைக்கே போய் நர்ஸிடம் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள். "தப்பா பேசிட்டேங்க்கா. ஆனா பதில் சொன்னாங்க" என்றாள்.

வாத்தியார் இருந்திருந்தால் "மறுபடி ஓடு" என்றிருப்பார்.

அவர் தொடங்கிய வகுப்பு இப்போதும் அதே சிலைக்குப் பக்கத்தில் மாலை ஆறரை மணிக்கு நடக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு சுவர் இருக்கும், ஒரு தெருவிளக்கு இருக்கும். நாலு வரி எழுதி ஒட்டுங்கள்.