ஒரு பற்சக்கரம், இரண்டு விசாரணைகள்

(ஸ்தவாங்கரில் நடந்த இளையோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கட அம்மா அப்பாவுக்கு "ஹெலி" எண்டால் பங்கருக்குள்ள ஓடவேண்டிய சத்தம். இந்த ஊரில அது வேலைக்குப் போற பஸ். சூலா விமானநிலையத்தில் உயிர்காப்பு உடுப்போடு வரிசையில் நிற்கிறவர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

2016 ஏப்ரல் 29. குல்ஃபக்ஸ் பி எண்ணெய் மேடையிலிருந்து பேர்கனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சூப்பர் பூமா உலங்குவானூர்தி ஒன்றின் மேல் சுழலி பறந்துகொண்டிருக்கும்போதே கழன்று போனது. தூரோய் தீவுக்கு அருகே விழுந்தது. 11 தொழிலாளர், 2 விமானிகள். ஒருவரும் மிஞ்சவில்லை.

இப்படி ஒன்று நடந்தால் முதலில் யாரைச் சொல்வார்கள்? விமானியை. இல்லாவிட்டால் ஆணி முறுக்கிய ஆளை. இங்கேயும் பராமரிப்பில் பிழையோ என்ற கதை வந்தது. அதற்கு முந்திய ஆண்டு அவுஸ்திரேலியாவில் அதே கியர்பொக்ஸ் ஒரு வீதி விபத்தில் அடிபட்டிருந்தது என்பதும் தெரியவர, சந்தேகம் அங்கே போனது. கடற்படைச் சுழியோடிகள் காந்தங்களைக் கொண்டு கடலடியில் தேடினார்கள். கிடைத்த துண்டுகள் வேறு கதை சொல்லின.

2018 ஜூலையில் நோர்வே விபத்து விசாரணை ஆணையம் இறுதி அறிக்கையை வெளியிட்டது. கியர்பொக்ஸுக்குள் இருந்த ஒரு பற்சக்கரத்தின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு குழி. அதிலிருந்து கீறல் உள்ளுக்குள்ளாகவே வளர்ந்து, சக்கரம் பிளந்துவிட்டது. உலோகக் களைப்பு. எண்ணெயில் இரும்புத் துகள் சேர்ந்தால் எச்சரிக்கை தரவேண்டிய காந்த உணரி ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் கீறல் மேற்பரப்பை உரிக்காமல் அடியால் போனது. விமானிகளிலும் பிழை இல்லை, பராமரித்தவர்களிலும் பிழை இல்லை. வீதி விபத்தோடு கீறலைத் தொடுக்கும் தடயமும் கிடைக்கவில்லை.

உண்மையில் கோபம் வரவேண்டிய இடம் இனித்தான். 2009 ஏப்ரல் 1இல் ஸ்கொட்லாந்துக் கரைக்கு அப்பால் அதே குடும்பத்தைச் சேர்ந்த உலங்குவானூர்தி, அதே மாதிரிப் பற்சக்கரம் உடைந்து விழுந்து 16 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த நடவடிக்கைகள் 2016ஐத் தடுக்கவில்லை. அந்தச் சக்கரத்தின் தாங்கிகளை இரண்டு நிறுவனங்கள் செய்தன. இரண்டு விபத்திலும் உடைந்தது ஒரே வகை.

2016 ஒக்டோபரிலேயே ஐரோப்பிய முகவரகம் திரும்பப் பறக்கலாம் எண்டு விட்டது. நோர்வேயும் பிரித்தானியாவும் 2017 ஜூலை வரை தடையை விடவில்லை. தடை போன பிறகும் தொழிலாளர்கள் ஏற மறுத்தார்கள். வடகடலில் ஆட்களை ஏற்றும் வேலைக்கு அது திரும்பி வரவில்லை. காகிதத்தில் அனுமதி இருந்தது, ஏறுவதற்கு ஆள் இல்லை.

இனி குன்னூரைப் பாருங்கோ. 2021 டிசம்பர் 8, நீலகிரி. முப்படைத் தளபதி பிபின் ராவத் போன எம்ஐ-17 விழுந்து 14 பேர் இறந்தார்கள். நஞ்சப்பசத்திரம் சனம்தான் முதலில் தண்ணீரும் போர்வையும் தூக்கிக்கொண்டு ஓடினது. 2022 ஜனவரியில் விமானப்படை சொன்னது: இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, கவனக்குறைவும் இல்லை, திடீர் மேகத்தில் விமானி திசை தடுமாறிவிட்டார். 2024 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில் அதே விபத்துக்கு நேரே "மனிதத் தவறு, விமானக் குழு" என்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் முழு விசாரணை அறிக்கை மக்களுக்குத் தரப்படவில்லை. செத்துப்போன விமானி மறுத்துப் பேச வரமாட்டார்தானே.

நோர்வேயைத் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. 1980இல் அலெக்சாந்தர் ஷெலாந்த் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். அங்கேயும் ஒரு உலோகக் கீறல்தான். குடும்பங்கள் நாற்பது வருசம் கேட்ட பிறகுதான், 2021இல், அரசின் கணக்காய்வாளர் அலுவலகம் அந்த விசாரணையையும் அரசு நடந்துகொண்ட விதத்தையும் குறை சொல்லி எழுதியது. அந்த நினைவுச் சின்னம், உடைந்த சங்கிலி, எங்கட ஊரில் ஸ்மியோடனில் நிற்குது.

அடுத்த சந்திப்பை அங்கேயே வைப்பம். தூரோய் அறிக்கையின் சுருக்கத்தை வாசித்துவிட்டு வாங்கோ; நோர்வேஜிய மொழி ஓடாத தோழர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் சொல்லிக் குடுங்கோ.