பார்டருக்குப் போகும் பையனுக்கு ஒரு ரேடியோ



தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், போடி பக்கம் ஒரு வீட்டிலிருந்து ராணுவத்துப் பையன் லீவு முடிந்து கிளம்புகிறான் என்றால், கடைசி இரண்டு நாளும் அந்த வீட்டு அடுப்பு அணையாது. முறுக்கு, அதிரசம், பருப்புப்பொடி, ஊறுகாய். போதாததற்கு, மேலே தோட்டத்தில் வேலை பார்க்கிற மாமா கொண்டுவந்து கொடுத்த ஏலக்காய் வேறு. 2023 ஜூனில் போடிக்கு அகல ரயில் வந்தபிறகு, இவ்வளவு மூட்டையையும் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறும் தொல்லை குறைந்திருக்கிறது. வண்டி இருக்கிற நாளாகப் பார்த்துக் கிளம்பினால் போடியிலேயே ஏறிச் சென்னையில் இறங்கிக்கொள்ளலாம். அந்த மூட்டைக்குள் சிற்றலை பிடிக்கிற ஒரு சின்ன ரேடியோவையும் வைத்து அனுப்ப நினைக்கிறவர்களுக்காகத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

கையில் போன் இருக்கையில் எதற்கு ரேடியோ என்று கேட்பீர்கள். ஊருக்குள் இருக்கிறவரை அந்தக் கேள்வி சரிதான். லடாக்கில் ஒரு மலைமுகட்டுக் காவல் நிலையில் டவர் கிடைப்பது நிச்சயமில்லை. கிடைத்தாலும் போனை எங்கே வைக்கலாம், எதைத் திறக்கலாம் என்பதற்கெல்லாம் உத்தரவுகள் உண்டு. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை வீரர்கள் தங்கள் போன்களிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று ராணுவம் சொன்னது நினைவிருக்கும். போன் பேசும் கருவி. தான் இருக்கிற இடத்தை ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கும். ரேடியோ கேட்பதோடு சரி.

அதுவும்கூட எப்போதும் அப்படி இருந்ததில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ரேடியோக்கள் சில, கேட்கும்போதே கொஞ்சம் அலையை வெளியே கசியவிட்டன. நடுக்கடலில் கப்பல்களை அந்தக் கசிவு எதிரியின் நீர்மூழ்கிக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில், கசிவு குறைந்த ரேடியோக்களை அமெரிக்காவின் ஸ்காட் கம்பெனி செய்து கொடுத்தது. மாலுமிகள் பாட்டுக் கேட்க வேண்டும், கப்பலும் பிழைக்க வேண்டும் அல்லவா? இன்றைய ரேடியோவில் அந்தக் கசிவு அற்பம். ஆனாலும் வாங்குவதற்கு முன்னால் பையனிடம், “உங்க யூனிட்ல ரேடியோ வச்சுக்கலாமாப்பா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் எந்தக் கடைக்கும் போகாதீர்கள்.

ஒரு காலத்தில் இது தலைகீழாக நடந்தது. மிலிட்டரிக்காரர் லீவில் வரும்போது அவர்தான் கேன்டீனில் வாங்கிய டிரான்சிஸ்டரை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதற்குத் தபாலாபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. மேலே ஏலத்தோட்டத்து ஸ்டோரில் ராத்திரி முழுக்க விறகு போட்டுக் காய் உலர்த்துகிறவருக்கும் துணையாக இருந்தது அதே ரேடியோதான், அதிலும் பெரும்பாலும் இலங்கை வானொலி. அந்த நிலையத்தின் சிற்றலை பலமே ராணுவத்தோடு சம்பந்தப்பட்டது. போர்க்காலத்தில் தென்கிழக்காசியாவில் இருந்த நேச நாட்டுப் படைவீரர்களுக்காகக் கொழும்பிலிருந்து ‘ரேடியோ சீயாக்’ என்ற ஒலிபரப்பு நடந்தது. போர் முடிந்தபின் அந்தச் சிற்றலைக் கருவிகள் இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1950-ல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. அதன் அறிவிப்பாளர் மயில்வாகனன் குரல் நம் மலையடிவாரம்வரை வந்ததற்குப் பின்னால், எங்கோ பர்மாக் காட்டில் ஒரு சிப்பாய் பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட கதை இருக்கிறது. பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941-ல் தொடங்கியதும் அதே போரின் நடுவில்தான்.

சரி, இன்றைக்கு அந்த ரேடியோவைத் திருகினால் தமிழ் என்ன கிடைக்கும்? இங்கேதான் உங்கள் பணம் வீணாகுமா ஆகாதா என்பது தெரியும். பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு வானொலியில் நின்றுவிட்டது. மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணி 2018-ல் சிற்றலையை விட்டுவிட்டு இணையத்துக்குப் போனது. அகில இந்திய வானொலியும் சிற்றலையைப் பெரிதும் குறைத்துக்கொண்டது. இந்தி தெரிந்த பையனாக இருந்தால் விவித் பாரதியின் ‘ஜெய்மாலா’ இருக்கிறது. படைவீரர்களுக்கென்றே வைத்த பாட்டு நிகழ்ச்சி. லே நகரில் 1971 முதல் வானொலி நிலையம் இருக்கிறது, கார்கிலிலும் உண்டு.

தமிழ் என்றால்? லடாக் உயரத்தில் சிற்றலையில் பலமாக வந்து விழக்கூடிய தமிழ்க் குரல் சீன வானொலியுடையது. 1962 போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத 1963 ஆகஸ்டில் பெய்ஜிங் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. தெற்காசியாவை நோக்கிய அவர்களுடைய பெரிய சிற்றலை நிலையம் இருப்பது காஷ்கரில், காரகோரத்துக்கு அந்தப் பக்கம். எதிரே நிற்கிற நாட்டிலிருந்துதான் நம் பையனுக்கு நல்ல தமிழில் ‘வணக்கம்’ வந்து சேரும்! எனக்கு இது சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. இன்னொரு கூத்து, சிற்றலை ரேடியோவில் இன்று பெயர் சொல்லும் டெக்சன் கம்பெனியும் சீனத்துடையதுதான். வேண்டாம் என்று நினைக்கிற குடும்பம் நினைக்கட்டும், அவர்கள் இஷ்டம். ஆனால் நல்ல சோனி மாடல்களின் உற்பத்தி நின்றுபோய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் சிற்றலை எதற்கு, பண்பலை போதாதா? நம் ஊரையே பாருங்கள். கோடைப் பண்பலை 100.5 தேவாரத்தில் கணீரென்று கேட்கிறது. கோடைக்கானல் மலைக்கும் நமக்கும் நடுவே கிடப்பது சமவெளிதான், மறைப்பு எதுவும் இல்லை. மேற்கே நம் முதுகில் நிற்கிற மலைக்கு அந்தப்புறம் கீழே ஒரு பண்பலை நிலையம் இருந்தால் அது இங்கே எடுக்காது. பண்பலை நேர்கோட்டில் போவது, மலையைத் தாண்டாது. சிற்றலை மேலே போய் வானத்தின் மின்னூட்ட அடுக்கில் பட்டுத் திரும்பி இறங்குவதால் எத்தனை மலை குறுக்கே நின்றாலும் அதற்குக் கவலையில்லை. நாலு பக்கமும் சிகரம் சூழ்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மேலிருந்து வருவதுதானே கிடைக்கும்? மத்திய அலையும் ராத்திரியில் அப்படி வரும். ஆகவே மூன்றும் இருக்கிற ரேடியோவாக வாங்குங்கள்.

இனி பேட்டரி. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், காரணம் மலைக்குளிர். 2016 பிப்ரவரி 3-ல் சியாச்சினின் சோனம் நிலையில் பனிச்சரிவு 19-வது மெட்ராஸ் பட்டாலியனின் பத்து வீரர்களைப் புதைத்தது. அவர்களில் ஒருவர் நம் தேனி மாவட்டம் குமணன்தொழுவைச் சேர்ந்தவர். அந்த இடம் 19,000 அடிக்கு மேலே. அப்படிப்பட்ட உயரத்துக் குளிரில் சாதாரண பென்சில் பேட்டரி உள்ளே ரசாயனம் மந்தமாகி, பாதி சக்திகூடத் தராமல் படுத்துவிடும். போனில் இருக்கிற மாதிரி சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது, கெட்டுவிடும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் லித்தியம் பென்சில் பேட்டரி என்று ஒரு வகை இருக்கிறது. விலை கூடுதல்; மைனஸ் 40 வரை தாங்கும். குளிர்ப் பகுதிக்குப் போகிறவனுக்கு ரேடியோவில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, அந்தப் பேட்டரி நாலு செட் வாங்கிக் கொடுங்கள்.

எனவே பென்சில் பேட்டரியில் ஓடுகிற மாடலுக்குத்தான் என் ஓட்டு. டெக்சனில் பிஎல்-310 ஈடி மூன்று பென்சில் பேட்டரியில் ஓடும். அதைவிடச் சின்னதாக, அழகாக இருக்கிற பிஎல்-330-க்குப் பழைய நோக்கியா போனின் பேட்டரி வேண்டும். தேவாரம் பஜாரில் அது கிடைத்துவிடும். லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கில் எந்தக் கடையில் போய்க் கேட்பான்?

எண் காட்டுகிற டிஜிட்டலா, முள் நகர்கிற பழைய வகையா? டிஜிட்டலில் நிலையத்தை எண்ணால் பிடிக்கலாம், தேட வேண்டாம். ஆனால் கடுங்குளிரில் அந்தத் திரை மெதுவாகும், எண்கள் மங்கும். கனத்த கையுறையோடு சின்னப் பொத்தான்களை அழுத்துவதும் முடியாத காரியம். முள் ரேடியோவுக்குத் திரையும் கிடையாது, பொத்தானும் கிடையாது. பெரிய திருகு ஒன்று போதும். விலையும் சல்லிசு. அதன் குறை வேறு. மலிவான செட்டில் ஒரே நிலையம் இரண்டு இடத்தில் கேட்கும். உள்ளே 455 கிலோஹெர்ட்சில் வேலை செய்கிற செட் என்றால், நிஜமான இடத்திலிருந்து 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அதே ஆள் மறுபடி பேசிக்கொண்டிருப்பார். ராஜஸ்தானுக்கோ அஸ்ஸாமுக்கோ போகிறவனுக்கு டிஜிட்டல் வாங்குங்கள். பனிக்குப் போகிறவனுக்கு முள் ரேடியோவே நல்லது.

ப்ளூடூத், மெமரி கார்டு, பேச்சைப் பதிவு செய்யும் வசதி எல்லாம் இருக்கிற செட்டைக் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவார். இளையராஜா பாட்டு ஆயிரம் ஏற்றித் தருகிறேன் என்பார். ராஜா பிறந்த பண்ணைப்புரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களாகிய நமக்கு மறுக்க மனசு வராது. ஆனால் பதிவு செய்கிற, தகவல் சேமிக்கிற எதுவும் ராணுவ முகாமில் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும். கேட்க மட்டுமே தெரிந்த செட், வாசலிலேயே மாட்டிக்கொள்ளாமல் உள்ளே போக வாய்ப்பு அதிகம்.

வாங்கிய அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். கடையில் போட்டுப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. எல்இடி விளக்கும் இன்வெர்ட்டரும் போடுகிற இரைச்சலில் சிற்றலை செத்துப்போகும். பொழுது சாய்ந்தபின் 49 மீட்டர், 41 மீட்டர் பகுதிகளில் மெல்லத் திருகுங்கள். பகல் என்றால் 19, 16 மீட்டரில் தேட வேண்டும். திருகை விட்டபிறகு நிலையம் தானாக நழுவுகிறதா, பேட்டரி மூடி இறுகப் பூட்டுகிறதா, ஆன்டெனாவின் அடிப்பகுதி ஆடுகிறதா என்று பாருங்கள். இயர்போன் துளை கட்டாயம் வேண்டும், பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவருக்கும் காது இருக்கிறது. பொத்தான்களைப் பூட்டுகிற வசதி இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் பைக்குள்ளேயே பாடிப் பாடிப் பேட்டரி காலியாகும். கூடவே ஏழு மீட்டர் மெல்லிய ஒயர் ஒன்று, நுனியில் கிளிப்போடு. ரேடியோ ஆன்டெனாவில் மாட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டால் நிலையங்களின் எண்ணிக்கையே கூடும்.

பையன் ஏற்கெனவே கிளம்பிவிட்டான் என்றால் 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்ற ராணுவத் தபால் விலாசத்துக்குப் பார்சல் அனுப்பலாம். பேட்டரியைச் செட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். லித்தியம் பேட்டரிக்கு விமானத் தபாலில் கட்டுப்பாடு இருப்பதால் அதை அவன் கையிலேயே கொடுத்தனுப்பும் வழியைப் பாருங்கள்.

ரேடியோவோடு ஒரு காகிதத்தில் நிலையங்களின் அலைவரிசை, நேரம் எழுதி வைப்பீர்கள் அல்லவா, அதில் தேதியும் போடுங்கள். சிற்றலை நிலையங்கள் வருஷத்துக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், அலைவரிசைகளை மாற்றும். அந்த வாரம் வீட்டிலிருந்து புதுப் பட்டியல் ஒன்று அவனுக்குப் போக வேண்டும். போனில் சொன்னாலும் சரி, கடிதத்தில் எழுதினாலும் சரி.