கடை மாணாக்கரும் கைத்தொலைபேசியும்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் இடம்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)



நன்னூலைப் பாடமாகப் படித்தவர்களுக்கு அதன் பாயிரத்தில் வரும் மாணாக்கர் வரிசை நினைவிருக்கும். பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று மூன்று தரமாக வகுத்து எட்டு உவமைகள் சொல்கிறார். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கும் கடை. இவற்றுள் ஆட்டுக்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கந்தான் இன்று எனக்கு வேண்டியது. ஒரு செடியிலே தழை நிறைய இருந்தாலும் ஆடு அதிலே நின்று வயிறு நிரப்பாது. இங்கே ஓர் இலை, அங்கே ஓர் இலை என்று கடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். பசுவோ கண்ட புல்லை வயிறார மேய்ந்து, பிறகு ஓரிடத்திலே படுத்து அசைபோடும்.

மேசைக்குக் கீழே கைத்தொலைபேசியை ஒளித்து, பெருவிரலால் படங்களைத் தள்ளிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருந்திய உவமை எனக்குத் தோன்றவில்லை. 13 ஆம் நூற்றாண்டுத் துறவியொருவர் எப்படித்தான் கண்டு வைத்தாரோ!

ஆயினும் பவணந்தியாரோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. பசு பசுவாகவும் ஆடு ஆடாகவும் பிறப்பதுபோலவே மாணாக்கரும் தரம் பிரிந்து பிறக்கிறார்கள் என்ற எண்ணத்தை அந்த வரிசை தந்துவிடுகிறது. இன்று பாடசாலைகளில் கைத்தொலைபேசியைக் கட்டுப்படுத்துவது பற்றி உலகெங்கும் நடக்கும் விவாதத்திலே, இந்த எண்ணத்தை அசைத்துப் பார்க்கும் செய்தியொன்று கிடைத்திருக்கிறது.

லூயி பிலிப் பெலான், ரிச்சர்ட் மர்பி என்ற இரு பொருளியலாளர்கள் இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பாடசாலைகளை எடுத்துக்கொண்டார்கள். கைத்தொலைபேசியைத் தடைசெய்வதற்கு முன்னும் பின்னும் 16 வயதுப் பரீட்சைப் பெறுபேறுகள் எப்படி இருந்தன என்று ஒப்பிட்டார்கள். 2015 இல் முடிவு வெளிவந்தது. தடைக்குப் பின் பெறுபேறு சற்றே உயர்ந்திருந்தது. அது பெரிய உயர்வன்று. ஆனால் அந்த உயர்வு யாருக்குக் கிடைத்தது என்பதே முக்கியம். முன்னணியில் நின்ற கால்பங்கு மாணவரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கடைசிக் கால்பங்கினரிடமோ சராசரியைப்போல் இரு மடங்குக்கு மேல் உயர்வு தெரிந்தது. அன்னம் எங்கே விட்டாலும் பாலைப் பிரித்துக் குடித்துக்கொள்கிறது. ஆடு என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குத்தான் வேலி தேவைப்பட்டிருக்கிறது. வேலி கட்டியதும் அந்தப் பிள்ளையும் கொஞ்சம் நின்று மேய்ந்திருக்கிறது. அப்படியானால் கடைத்தரம் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி பிறவிக் குணமல்ல, சூழல் செய்த வேலை அல்லவா?

இதை வைத்துக்கொண்டு மந்திரம் கண்டுவிட்டதாகத் துள்ளவும் கூடாது. சுவீடனில் இதே முறையில் நடந்த ஆய்வொன்று 2020 இல் வெளிவந்தது. அங்கே இத்தகைய உயர்வு காணப்படவில்லை. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 30 பாடசாலைகளில் 1,227 பிள்ளைகளை ஆராய்ந்து 2025 இல் சொன்னது மற்றொன்று: கட்டுப்பாடுள்ள பாடசாலைப் பிள்ளைகளுக்கும் இல்லாத பாடசாலைப் பிள்ளைகளுக்கும் மனநலத்திலே வேறுபாடு இல்லை. ஒரு நாளில் மொத்தமாகக் கருவியைப் பார்க்கும் நேரமும் குறையவில்லை. பாடசாலையில் விட்டதை வீட்டிலே பிடித்துக்கொள்கிறார்கள் போலும். ஆகவே பிள்ளையின் நித்திரையையும் மனச்சோர்வையும் பாடசாலை வாசலிலே ஒரு பெட்டி வைத்துத் தீர்த்துவிடலாம் என்று எந்த அதிபரும் பெற்றோருக்கு வாக்குக் கொடுக்கவேண்டாம். வகுப்பறையைக் காப்பாற்றலாம். அதுவே போதிய காரணம் என்பது என் கருத்து.

பிரான்ஸ் நாட்டவர் இதில் நடந்த வழி கவனிக்கத்தக்கது. 2010 ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே பாடவேளையில் மட்டும் பாவனையைத் தடுத்தது. 2018 ஓகஸ்டில் வந்த சட்டமோ ஆரம்பப் பாடசாலையிலும், ஏறத்தாழ 15 வயது வரையான கீழ் இடைநிலைப் பாடசாலையிலும் வளவு முழுவதற்கும் தடையை விரித்தது. அதாவது இடைவேளையையும் சேர்த்துக்கொண்டது. அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பாடவேளையில் பூட்டி இடைவேளையில் திறந்தால், பிள்ளை இருபது நிமிடத்தில் நாற்பது இலை கடித்துவிட்டு அடுத்த பாடத்துக்கு வந்து அமர்கிறது; அசைபோட நேரமே இல்லை. பந்தடிக்கவும் வம்பளக்கவும் கோபித்துக்கொள்ளவும் பிறகு கூடிக்கொள்ளவும் உண்டான நேரமல்லவா அது!

அந்தச் சட்டம் தடுத்தது பாவனையை. பைக்குள் அணைத்து வைத்திருப்பதை அல்ல. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குத் தேவையான கருவிகளுக்கும், பாடத்துக்காக ஆசிரியர் அனுமதிக்கும் வேளைக்கும் விலக்கு உண்டு. "மகள் ரியூசன் முடிந்து பஸ் எடுத்தாளா என்று எப்படி அறிவது?" என்று கேட்கும் தாய்க்கு இதிலே பதில் இருக்கிறது. ஆனால் பைக்குள் இருப்பது கைக்கு வராமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் தலையிலே விழுந்தது. அதனால் 2024 செப்டெம்பரில் ஏறக்குறைய 200 பாடசாலைகளில், காலையிலேயே கருவியை ஒப்படைக்கும் முறையைப் பரீட்சித்துப் பார்த்தார்கள்.

நம் நாட்டிலே இந்த வழக்கு இன்னும் சிக்கலானது. 2020 இல் பாடசாலைகள் மூடியபோது, அதுவரை பறிமுதல் செய்த அதே பொருளை வாங்கிக் கொடுக்கும்படி நாமே பெற்றோரைக் கேட்டோம். பதுளை மாவட்டத்துக் கிராமமொன்றில் 2021 இல் பிள்ளைகள் தொடர்பு கிடைக்கும் இடம் தேடி மலையேறிப் படித்தார்கள். நகையை அடகு வைத்து வாங்கிய கைத்தொலைபேசியை வெறும் விளையாட்டுப் பொருள் என்று ஏசினால் எந்தத் தகப்பனுக்கும் கோபம் வரும். ஒப்படைத்த கருவி உடைந்தாலோ காணாமற்போனாலோ யார் பொறுப்பு என்பதை முதலில் எழுதி வைக்கவேண்டும். வகுப்பாசிரியரின் சம்பளத்தில் கழிக்கிற பொருளல்ல அது. ஆசிரியர் ஓய்வறையிலும் அதே மணி அடிக்கவேண்டும் என்பதை இங்கே மெதுவாகச் சொல்லி வைக்கிறேன்.

அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள். காலை ஏழரைக்குப் பெட்டியைப் பூட்டுகிற அன்றைக்கே, இடைவேளையில் நூலக அலுமாரியைத் திறக்கவும் ஒருவரை நியமியுங்கள். சில பாடசாலைகளில் அந்தத் திறப்பு யாரிடம் இருக்கிறதென்று தேடுவதற்குள் மணி அடித்துவிடுகிறது.