ஊசிக்குப் பிறகு மருந்து: நிறை பார்த்து, நேரம் பார்த்து



இலங்கையில் நம் பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி போடுகிறார்கள். அன்றிரவு பிள்ளைக்கு உடம்பு சுடலாம், ஊசி போட்ட தொடை வீங்கி நோகலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். 9 மாதத்தில் போடும் எம்.எம்.ஆர். ஊசிக்குக் காய்ச்சல் ஒரு கிழமை கழித்தும் வரலாம். இந்தக் காய்ச்சலைவிட, பதற்றத்தில் அளவு தவறிக் கொடுக்கும் மருந்துதான் எனக்குக் கவலை தருகிறது.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும். அதன் அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது; ஒரு வேளைக்கு, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. கிளினிக்கில் நிறுத்துப் பதிவேட்டில் எழுதித் தருகிறார்களே, அந்த நிறையைப் பாருங்கள். 8 கிலோ பிள்ளைக்கு 120 மில்லிகிராம். வழக்கமான பாணியில் 5 மில்லிலீற்றரில் அவ்வளவு இருக்கும். ஆனால் சொட்டு மருந்துப் போத்தல் சிலவற்றில் 1 மில்லிலீற்றரிலேயே 100 மில்லிகிராம் உண்டு. பாணி என்று நினைத்து அதில் 5 மில்லிலீற்றர் பருக்கினால் நாலு மடங்கு போய்விடும். அளவு மிஞ்சிய பரசிற்றமோல் ஈரலைக் கெடுக்கும். ஆகவே போத்தல் எழுத்தை வெளிச்சத்தில் வாசியுங்கள். வீட்டுக் கரண்டியை விட்டு, அளவுக் குழாயால் அளந்து கொடுங்கள். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். தடிமன் பாணியிலும் பரசிற்றமோல் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் வருமுன்னே மருந்து கொடுப்பதும் நல்லதல்ல. தடுப்பூசியின் பலன் சற்றுக் குறையலாம் என்று ஆய்வு காட்டியிருக்கிறது.

மாரி மழையோடு வன்னியில் டெங்கும் பரவும். ஊசிக் காய்ச்சல் என்று நினைப்பது டெங்குவாகவும் இருக்கலாம். அதனால் இபுபுறூபன், டைக்ளோபினக், அஸ்பிரின் எதையும், பின்வழியாக வைக்கும் மருந்தாகக்கூட, வைத்தியர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். டெங்குவில் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தால், வலிப்பு வந்தால், மூச்சுத் திணறினால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான் போல இரவில் வாகனம் கிடைக்காத இடமென்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊசி போட்டதற்காகப் பிரஷர், சீனி மருந்துகளை நிறுத்தாதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடிப்பவர்கள் ஊசிக்கு முன்னரே அதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த கிளினிக் நாளில், உங்கள் வீட்டு மருந்துப் போத்தலையும் கொண்டுபோய், "இந்த நிறைக்கு இதில் எத்தனை மில்லிலீற்றர்?" என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் அளவைப் பதிவேட்டிலேயே எழுதி வாங்குங்கள்.