முதன்முறை இயங்கும் கணினி



2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றுபோனது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. ஆகவே, பிள்ளைகளின் படிப்புக்காகப் பழைய மடிக்கணினி வாங்கிய பெற்றோர் சிலர், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை அதில் பதிக்க முனைகிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால், பதித்து முடித்து முதன்முறை இயக்கும்போது வைஃபை கிடைக்காவிட்டால், "இது கெட்டுவிட்டது" என்று மூலையில் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கெட்டது ஒன்றுமில்லை, டிரைவர்தான் இல்லை.

டிரைவர் என்றதும் லாரி ஓட்டுபவரை நினைக்க வேண்டாம். அக்காலத்தில் வெள்ளைக்காரத் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே கிராணியார் நின்று பேசினார் அல்லவா? கணினியில் கெர்னல் என்பதே துரை. வைஃபை, வட்டு, திரை ஆகியவை வேலையாட்கள். நடுவே நிற்கும் சிறு நிரலே டிரைவர்.

வைஃபை பாகம் பலவற்றுக்கு டிரைவரோடு ஃபர்ம்வேர் என்னும் கோப்பும் வேண்டும். டெபியன் என்னும் லினக்ஸ் வகை, கட்டற்ற உரிமம் இல்லாத இக்கோப்புகளைத் தன் வழக்கமான பதிப்பு வட்டில் நெடுங்காலம் சேர்க்கவில்லை. அதைப் பெற இணையம் வேண்டும். இணையம் பெற அது வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்! 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அவை உடனே வருகின்றன. எனினும், பிராட்காம் பாகமுள்ள சில பழைய கணினிகளுக்கு இன்றும் தனியாகச் சேர்க்க வேண்டியுள்ளது.

ஆகவே, பழையதை அழிக்குமுன் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிரும்படி செய்யுங்கள். பெரும்பாலும் இதற்குத் தனி டிரைவர் தேவைப்படாது. அவ்வழியே வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம்.

வட்டின் டிரைவர் சங்கதி வேறு. வட்டைத் திறக்கும் டிரைவர் அந்த வட்டுக்குள்ளேயே இருந்தால் கெர்னல் என்ன செய்யும்? விடியுமுன் பால்வெட்டப் போகிறவர் தலைவிளக்கை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகிறார். அதுபோல, இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு மூட்டையில் அவசர டிரைவர்கள் கெர்னலுடனேயே வந்துவிடுகின்றன. விரிவான முறையில் பதித்தால், எல்லா டிரைவர்களையும் மூட்டையில் கட்டவா, இந்தக் கணினிக்கு வேண்டியதை மட்டும் கட்டவா என்று டெபியன் கேட்கும். எல்லாவற்றையும் என்றே சொல்லுங்கள். சற்று இடம் கூடும். ஆனால் பின்னொரு நாள் அந்த வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும், பெரும்பாலும் இயங்கத் தொடங்கிவிடும்.